எட்டாங்குழியின் கடைசிப் பதினாறு பக்கங்கள்

என் பிரியமுள்ள யாசீன்,

மண்ணுக்குள் இருக்கிறவனிடம் சுகமா என்று கேட்பது எந்த வகையில் சேர்த்தி என்று தெரியவில்லை. ஆனாலும் பழக்கத்தில் கை அதைத்தான் முதலில் எழுதப் போனது. சுகமாக இருக்கிறாயா மச்சான்?

நீ போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று வரிசையில் நிற்கிறது. குழாயில் தண்ணீர் நீ இருந்தபோது வந்தது போலவே வருகிறது, அதாவது அதற்குத் தோன்றுகிற நாளில். நீ மேஸ்திரியாக இருந்த தோல் ஷாப்பில் குழிகளுக்கு மேலே தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். பட்டைத்தூள் வாடை மட்டும் கூரைக்கு அடங்காமல் ரோட்டுக்கு வந்து நிற்கிறது. உன் மகள் நஸீமாவின் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் போகிறாள். மூக்கு அப்படியே உன்னுடையது.

நல்ல செய்தி இத்தோடு முடிந்தது.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். ஏனென்றால் உனக்கு நான் செய்ததையும் நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் செய்தேன். யாருக்கும் தெரியாமல் செய்த தப்புக்குக் காதோடு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அச்சடித்துச் செய்த தப்பை அப்படித் தீர்க்க முடியுமா?

அந்த நாலு பேருக்கு உன்னைத் தெரியாது. செத்த நேரம் பொறுத்துக்கொள், அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

யாசீன் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் குழி மேஸ்திரி. அங்கே பச்சைத் தோல் ஏழு குழிகளில் மாறி மாறி ஊறித்தான் பதமாகும். எந்தத் தோல் எந்தக் குழியில் எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்பதை அவன் மூக்கே சொல்லிவிடும். அந்த மூக்கை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஒரு நாவல் எழுதினான். ஆயிரத்து நூறு பக்கம். பெயர் ‘எட்டாங்குழி’. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு மனிதர், ஏழு குழியிலும் தன் மனசு பதப்படவில்லை என்று எட்டாவதாக ஒன்றைத் தேடி நடக்கிற கதை. அவருக்குப் பெயர் கிடையாது. கடைசிவரை ‘தோல்காரர்’தான்.

தோல்காரர் தாடிக்கொம்புப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்துக் கிடக்கிறார். ஒரு தர்காவில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறார். வடமதுரைப் பக்கம் ஒரு மாதா கோயில் கட்டக் கல் சுமக்கிறார். எரியோட்டுக் காட்டில் ஒரு பரதேசியிடம் கேள்வி கேட்டு அறை வாங்குகிறார். எந்த இடத்திலும் நிலைக்க மாட்டார். எந்த இடத்தையும் ஏசவும் மாட்டார். அவர் செத்த பிறகு புதைத்தார்களா, எரித்தார்களா என்பதையும் நாவல் சொல்லாது. நாலு பேர் தூக்கிக்கொண்டு முச்சந்திக்கு வருவார்கள். அங்கேயே கதை முடிந்துவிடும்.

நான் அவனுடைய முதல் வாசகன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஸ்டெல்லா என் மனைவி.

நீ வேலை செய்த விதம் உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் கேள்வித்தாள்கள் மிஞ்சும். ஒரு பக்கம்தான் அச்சு, மறுபக்கம் வெள்ளை. அதை நான் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து தருவேன். நீ அதில் எழுதுவாய். ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பேன். நீ மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னால் சைக்கிளில் வந்து இறங்குவாய். நடுவில் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் நீ வாசிப்பாய், நான் கேட்பேன். வாசித்த தாளை என்னிடம் கொடுப்பாய். நான் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதுவேன்.

தாளின் முன்பக்கத்தில் என் கேள்வி, முதுகில் உன் நாவல். ‘இடம் சுட்டிப் பொருள் விளக்குக’ என்று ஒரு கேள்வி எல்லாத் தாளிலும் இருக்கும். செய்யுளில் ஒரு அடியைக் கொடுத்து, இது எந்த நூல், யார் யாரிடம் சொன்னது என்று கேட்பது. முதலில் இடம், அப்புறம் பொருள். இடம் தப்பினால் பொருளுக்கு மதிப்பெண் கிடையாது. முப்பத்தைந்து வருடம் நான் திருத்தியது அப்படித்தான்.

அந்த வியாதியை உன்னிடமும் காட்டினேன். ஒரு பத்தி நன்றாக இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

“யாசீன், இது சூஃபியாவா, சித்தரா? எங்க படிச்ச?”

“ஏன் மச்சான்?”

“சும்மா, தெரிஞ்சுக்கத்தான்.”

“சுண்ணாம்புக் குழியில எறக்குனா ரோமம் போயிரும். அதுக்கப்புறம் இது எந்த ஆட்டுத் தோலு, எந்தச் சந்தையில புடிச்சதுன்னு என் மொதலாளிகூட கேக்க மாட்டாரு. நீ கேக்குற.”

“தெரிஞ்சா நல்லதுதானப்பா.”

“தெரிஞ்சு என்ன செய்யப்போற? ரோமத்தத் திருப்பி ஒட்டப்போறியா?”

சிரித்தோம். நான் ஒட்டத்தான் போகிறேன் என்று அன்றைக்கு நம் இரண்டு பேருக்கும் தெரியாது.

முதல் பதிப்பு வந்தபோது நீ ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாய். முன்னுரை வேண்டாம், பின்னுரை வேண்டாம், அடிக்குறிப்பு வேண்டவே வேண்டாம். “உள்ள வாரவன வாசல்ல நிறுத்தி ஐடி கார்டு கேக்காதீங்க” என்று பதிப்பாளரிடம் சொன்னாய். அவரும் அப்படியே போட்டார். புத்தகம் அவர் கிடங்கில் தூங்கியது. நீயும் போய்விட்டாய்.

நீ போன மறுவருடம் பதிப்பாளர் போன் பண்ணினார். “சார், ரெண்டாம் பதிப்புப் போடலாம்னு இருக்கேன். ஆனா படிக்கிறவன் திணறுறான். கடைசியில ஒரு ஃபாரம் சேப்போம், பதினாறு பக்கம். இந்த நாவல்ல என்னென்ன சமயத் தாக்கம், என்னென்ன தத்துவத் தாக்கம்னு நீங்க எழுதிக் குடுங்க. உங்களத் தவிர யாருக்கு சார் தெரியும்?”

ஒரு வாத்தியாரைக் கவிழ்க்க அந்தக் கடைசி வாக்கியம் போதும்.

உன் நிபந்தனை எனக்கு நினைவிருந்தது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி உன்னை இன்னொரு முறை ஏமாற்றப் போவதில்லை. நினைவு இருந்தும் எழுதினேன். பதினோரு நாள், காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். சந்தோஷமாக எழுதினேன். அட்டவணை போட்டேன்: அத்தியாயம், பக்கம், தாக்கம். இத்தனை முதல் இத்தனை வரை இஸ்லாமிய மெய்ஞ்ஞானம். இத்தனை முதல் இத்தனை வரை வைணவச் சரணாகதி. இங்கே கிறிஸ்தவத் துன்பப் பார்வை. இங்கே சித்தர் மரபு. இங்கே பௌத்தம். ஒரு பத்தியைக்கூட விடவில்லை. என் வாழ்க்கையில் நான் திருத்திய மிகப் பெரிய விடைத்தாள் அதுதான். உனக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நன்றாகத்தான் தொடங்கியது. ஒரு கல்லூரியில் ‘எட்டாங்குழி’யைப் பாடமாக வைத்தார்கள். நான் ஸ்டெல்லாவிடம் சொல்லிக் கண் கலங்கினேன். கொஞ்ச நாள் கழித்து, ஆதார் அட்டையை நகலெடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மேசை மேல் ஒரு அடுக்கு. மேல் தாளைப் பார்த்தால் என் எழுத்து. என் பதினாறு பக்கம்.

பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் வாங்க நின்றாள். கேட்டேன். “நாவல் படிச்சியாம்மா?”

“ஐயோ தாத்தா, அது செங்கல்லு மாதிரி இருக்கு. இதுலயே எல்லாம் வந்துருது. ‘எட்டாங்குழியில் சமய, தத்துவத் தாக்கங்கள்.’ இந்த ஒரு கேள்வி கன்ஃபார்ம்னு மேடம் சொல்லிட்டாங்க.”

“தோல்காரர் பிள்ளை எப்படிச் செத்துச்சுன்னு தெரியுமா?”

அவள் தாளைப் புரட்டிப் பார்த்தாள். “அது இதுல இல்லியே.”

“இத யாரு எழுதுனது?”

“யாரோ ரிட்டயர்டு வாத்தியாராம். நல்லா பாயிண்ட் பாயிண்டா போட்டிருக்காரு.”

அவளைக் குறை சொல்ல மாட்டேன். பொரியலே தட்டு நிறைய வைத்துவிட்டுச் சோறு ஏன் தின்னவில்லை என்று கேட்டால் எப்படி? வைத்தவன் நான். ஆனால் அன்றைக்கு அந்தக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்த வழி எனக்கு நினைவில்லை.

அடுத்தது உன் மூன்றாம் வருட நினைவுக் கூட்டம். மூன்று பேர் பேசினார்கள். உன் பள்ளிவாசல் ஹாஜியார், கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற என்ஜினியர், எங்கள் பங்கின் உபதேசியார். மூன்று பேர் கையிலும் என் பதினாறு பக்கத்தின் நகல். ஹாஜியார் தமக்கு உரிய வரிகளில் பச்சை அடித்திருந்தார், என்ஜினியர் மஞ்சள், உபதேசியார் நீலப் பேனாவால் கோடு. நாவலை யாரும் கொண்டுவரவில்லை.

ஹாஜியார், “நம்ம பிள்ள மார்க்கத்த அழகாச் சொல்லியிருக்கு” என்று பக்கம் பக்கமாக எண் வாசித்தார். அடுத்து என்ஜினியர் எழுந்தார். “ஒரு முஸ்லிம் அன்பர் பெருமாளப் பத்தி தொண்ணூறு பக்கம் எழுதியிருக்காருன்னா, உள்ளுக்குள்ள அவரு நம்மாளுங்க.” ஹாஜியாருக்கு முகம் மாறியது. “அதெப்படிங்க, எங்களது நூத்தம்பது பக்கம் இருக்கு. சார்வாளே எழுதியிருக்காரு.” உபதேசியார் விடுவாரா? “துன்பம் வார எடமெல்லாம் எங்களது. துன்பம் இல்லாம அந்த நாவல்ல என்ன இருக்கு? சவரிமுத்து சாரைக் கேளுங்க” என்று என்னைக் கை காட்டினார்.

பின்வரிசையில் தோல் ஷாப் ஆள் ஒருவர் சத்தம் போட்டார். “ஏப்பா, நினைவஞ்சலின்னு கூப்புட்டீங்க. இங்க பாகப்பிரிவினையில்ல நடக்குது!”

எல்லோரும் சிரித்தார்கள், மேடையில் இருந்தவர்கள்கூட. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாகத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தவன் நான்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை யாசீன். நீ இறந்த அன்றைக்கு உன் மையத்தைக் குளிப்பாட்டியவர் அந்த ஹாஜியார்தான். உனக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தது அந்த உபதேசியார். என்ஜினியர் பேசும்போது உண்மையாகவே குரல் உடைந்தது. உன்மேல் பிரியம் இருந்தது. அந்தப் பிரியத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு கொல்லைப்புறம் தேவைப்பட்டது. வேலி போட்டுக் கொடுக்க ஒரு வாத்தியார் இருந்தான்.

கூட்டத்துக்குப் பதிப்பாளரும் வந்திருந்தார். அந்தச் சண்டையில் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அடுத்த வாரமே நஸீமாவுக்கு ஒரு ஒப்பந்தத் தாள் அனுப்பினார். ‘எட்டாங்குழி’யை இனி முழுதாகப் போடுவதில்லை. அதற்குப் பதில் மதத்துக்கு ஒன்றாக மூன்று சிறு புத்தகங்கள், மூன்று அட்டை, மூன்று பெயர். எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கே இடமில்லை. என் அட்டவணையில் பக்க எண் இருக்கிறதே. எந்த அட்டைக்குள்ளும் அடங்காத பக்கங்கள் போய்விடும். முச்சந்தி போய்விடும். உன் மகள் கையெழுத்துப் போட்டால் வேலை தொடங்கிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலையில் நஸீமா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“மாமா, உங்ககிட்ட என்ன மறைக்க. அத்தா எழுதுனதுல நான் எரநூறு பக்கம் தாண்டல. எனக்கு அதெல்லாம் ஏறாது. மூணா வந்தாலாச்சும் சனங்க படிப்பாங்கன்றாரு. நீங்க போடுன்னா போடுறேன்.”

நான் ‘போடு’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இல்லாமல் போவதற்கு மூன்று துண்டாகவாவது இருக்கட்டும் என்று தோன்றியது. களைத்துப் போயிருந்தேன் யாசீன். என் தப்பைச் சரிசெய்யத் தெரியாததால் அதைப் பெரிதாக்கி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

“செத்த இரும்மா” என்று அடுப்படியிலிருந்து ஸ்டெல்லா வந்தாள்.

ஸ்டெல்லா உன் நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள் என்பதை உனக்குச் சொல்லவில்லையே. ஜெராக்ஸ் கடையிலிருந்து நான் வந்து புலம்பிய மறுநாள் தொடங்கினாள். ஜெபப் புத்தகத்தையும் ரேஷன் கார்டையும் தவிர எதையும் படிக்காதவள். “அம்புட்டு வருஷமா யாசீன் அண்ணே வந்து வாசிக்கிறப்ப எல்லாம் நான் உங்க ரெண்டு பேருக்கும் டீ போட்டேன். இப்ப நான் வாசிக்கிறேன். டீ நீங்க போடுங்க” என்றாள். அவள் எடுத்தது முதல் பதிப்பு. அதில் என் பதினாறு பக்கம் கிடையாது. நாலு மாதமாக வெஞ்சனத்துக்கு நறுக்குகிற பலகைக்குப் பக்கத்திலேயே புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தில் மஞ்சள் கறைகூட இருக்கிறது.

அந்த அத்தியாயத்தைத்தான் விரித்துக்கொண்டு வந்தாள். நின்றபடியே சத்தமாக வாசித்தாள். தோல்காரரின் பிள்ளை செத்த மூன்றாம் நாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கிணற்றடியில் நின்று ஆளுக்கொரு ஆறுதல் சொல்கிறார்கள். அது அவன் சித்தம் என்கிறார் ஒருவர். போன பிறவி என்கிறார் இன்னொருவர். தோல்காரர் கையில் பிள்ளையின் சின்னக் குடம். அவர் சொல்கிறார்:

“கடவுள் உண்டா இல்லையா என்பதை நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். எனக்கு அவசரமில்லை. இந்தச் சின்னக் குடத்தை இனி யாருக்காக நிரப்புவது? அதை மட்டும் இப்போதே சொல்லுங்கள்.”

வாசித்துவிட்டு ஸ்டெல்லா கேட்டாள். “இதுக்கு நீங்க அந்தப் பதினாறு பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க?”

இரண்டாம் பதிப்பை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். “பௌத்தத் தாக்கம். கடவுள் பற்றிய கேள்வியை ஒத்திவைத்துத் துக்கத்தை மட்டும் முன்னிறுத்தும் முறை காண்க.”

“பௌத்தமா?”

“ஆமா.”

“இது நீங்க சொன்னதுங்க” என்றாள் ஸ்டெல்லா. “அமலி போன மூணாம் நாளு. தண்ணி லாரி வந்தப்ப, நம்ம வீட்டு வாசல்ல.”

நஸீமாவுக்கு அமலி யாரென்று தெரியாது. அவள் பிறப்பதற்கு முந்தைய கதை. எங்கள் ஒரே பிள்ளை. ஆறு வயதில், காய்ச்சலில், நாலே நாளில் போனவள். அந்த வருடம் ஊரில் தண்ணீர் இல்லை. லாரி வரும்போது ஸ்டெல்லா பெரிய குடத்தோடு வரிசையில் நிற்பாள். அமலிக்கென்று ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம். சொம்பைவிடக் கொஞ்சம் பெரிது. அதையும் வரிசையில் வைத்துவிட்டு, யாரும் தள்ளிவிடாமல் பிள்ளை காவல் நிற்பாள்.

அந்த மூன்றாம் நாளில் லாரிச் சத்தம் கேட்டு நான் இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு போனேனாம். வாசலில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நின்றிருந்தார்களாம். பெரிய குடம் நிறைந்து, சின்னதைக் குழாய்க்கு அடியில் வைக்கப் போகும்போது நான் அதைச் சொன்னேனாம். லாரிக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது நீயாம். தண்ணீர் ரோட்டில் போய்க்கொண்டே இருந்ததாம்.

எனக்கு நினைவில்லை யாசீன். ஸ்டெல்லா சொன்ன பிறகும் இல்லை. அந்த வாரம் முழுவதும் எனக்குள் ஒரு வெள்ளைத்தாள்.

பெட்டியைத் திறந்து உன் கையெழுத்துப் பிரதியில் அந்த அத்தியாயத்தைத் தேடி எடுத்தேன். ஓரத்தில் என் சிவப்பு மை: ‘அருமை. எங்கிருந்து?’ தாளைத் திருப்பினேன். ஒன்பதாம் வகுப்பு, தமிழ், அரையாண்டு. ‘இடம் சுட்டிப் பொருள் விளக்குக.’

அது எனக்கு நினைவிருக்கிறது. நீ அந்தப் பக்கத்தை வாசித்து முடித்தாய். நான், “இது எங்கிருந்துடா?” என்று கேட்டேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அப்புறம் தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தாய். “எங்கயோ கேட்டது மச்சான்” என்றாய். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, நேரம் இருக்கும்போதே தொழுகைக்குக் கிளம்பிவிட்டாய். அன்றைக்கு ஏதோ வேலை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஏன் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றினாயா? நானாகவே கண்டுபிடிப்பேன் என்று காத்திருந்தாயா? என் பிள்ளையின் சாவை எடுத்து உன் நாவலில் வைத்துக்கொண்டாய், அதை என் முன்னால் உட்கார்ந்து வாசித்தாய், நான் அடையாளம் தெரியாமல் ‘அருமை’ என்று எழுதினேன். உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு யாசீன். செத்தவன் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து என் அட்டவணையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மற்ற இடங்கள் எல்லாம் யாருடைய வாசலோ? வைணவம் என்று நான் குறித்தது எந்தக் கூலிக்காரி புலம்பியதோ? சித்தர் மரபு என்று குறித்தது தோல் ஷாப்பில் எவன் குடித்துவிட்டுப் பேசியதோ? நமக்கு ஆத்தூர் அணைத் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் ஒரே தொட்டியில் விழுந்துதான் குழாய்க்கு வருகிறது. ஒரு டம்ளரைக் காட்டி, இதில் எது காவிரி என்று எந்தப் பிள்ளையையாவது நான் கேட்பேனா? உன் ஆயிரத்து நூறு பக்கத்தில் அதைத்தான் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நிற்காமல் பதிலும் எழுதியிருக்கிறேன். நீ வேதங்களைப் படித்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை மனிதர்கள் வாயில் ஊறப்போட்ட பிறகுதான் நீ கையில் எடுத்தாய். அது எனக்கு மூன்று வருடம் தாமதமாகப் புரிகிறது.

“மாமா, அப்ப கையெழுத்து?” என்று நஸீமா கேட்டாள். ஸ்டெல்லாவைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“போடாத” என்றேன் நான்.

மறுநாள் நானும் நஸீமாவும் பதிப்பாளரைப் பார்க்கப் போனோம். என் பக்கங்களை எடுத்துவிட்டு நாவலை முழுதாகப் போடுங்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. விக்கிறதே உங்க பதினாறு பக்கம்தான். நாவலு அதுக்கு அட்டை மாதிரி கூட வருது. அட்டைய மட்டும் எப்படி சார் போடுறது?”

நஸீமா அவரிடம் ஒப்பந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “எங்கத்தா பெருசாத்தான் எழுதுனாரு. பெருசாவே கெடக்கட்டும்” என்று மட்டும் சொன்னாள். உன் மகள்தான்.

ஆகவே இதுதான் முடிவு. ‘எட்டாங்குழி’ இனி அச்சில் கிடையாது. கிடங்கில் மிஞ்சிய இரண்டாம் பதிப்புப் பிரதிகளைப் பதிப்பாளர் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முன்னறை முழுக்க நீதான். ஸ்டெல்லா நடக்க வழி கேட்டுத் திட்டுகிறாள்.

தினமும் காலையில் சாப்பிட்டுவிட்டு உட்கார்கிறேன். என் பதினாறு பக்கம் தனி ஃபாரமாகத் தைத்திருப்பதால் நூலை மட்டும் பிளேடால் அறுத்தால் முழுசாக வந்துவிடுகிறது. நஸீமா வருகிற நாளில் அவளும் அறுக்கிறாள். ஸ்டெல்லா முதுகில் பசை தடவிக் காயவைக்கிறாள். நீ கேட்டாயே, ரோமத்தைத் திருப்பி ஒட்டப்போகிறாயா என்று. ஒட்டினேன் மச்சான். இப்போது நானே உட்கார்ந்து சிரைக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுக்கு மேல் கண் ஒத்துழைக்கவில்லை.

ஆனால் ஜெராக்ஸ் கடையில் என் எழுத்து இன்னும் ஓடுகிறது. அதற்கு என்னிடம் பிளேடு இல்லை. அடுத்த தேர்விலும் அந்தக் கேள்விதான் வருமாம்.

போன வாரம் அந்த என்ஜினியர் ஒரு பிரதி கேட்டு வந்தார். கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“சார், பின்னால கிழிஞ்சிருக்கே. அட்டவணையக் காணோமே?”

“கிழியல சார். அம்புட்டுத்தான் புஸ்தகம்.”

“அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எனக்குன்னு சொல்லுங்க. தோல்காரரு என்ன ஆளு?”

என் வாயில் பதில் வந்து நின்றது. ஒன்றல்ல, ஐந்து பதில், அத்தியாய எண்ணோடு. விழுங்கினேன். “மொதப் பக்கத்துலருந்து வாங்க சார்” என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார். படிப்பாரா என்று தெரியவில்லை. நம்பிக்கையும் இல்லை.

யாசீன், உனக்கு ஒரு வாக்கு. இந்த அறையில் இருக்கிற கடைசிப் பிரதிவரை அறுத்து முடிப்பேன். ஒரு கண் போனால் இன்னொரு கண்ணால் அறுப்பேன். உன் நாவலில் எந்த வரியைக் காட்டி எவர் கேட்டாலும் இனி இடம் சுட்ட மாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும், எனக்கு உரிமை உள்ளது என்பதால், இங்கே சுட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். நாற்பத்தொன்றாம் அத்தியாயம், சின்னக் குடம். இடம்: என் வீட்டு வாசல். சொன்னவன் நான். கேட்டவன் நீ.

பொருள் விளக்க எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அமலியின் அப்பன்,
உன் மச்சான்
சவரிமுத்து